சமீர் செயலி: லூதியானாவின் காற்றை எவ்வளவு சரியாகச் சொல்கிறது?

மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் இலவசமாக வழங்கும் ‘சமீர்’ செயலியைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் டெல்லியை மனத்தில் வைத்தே எழுதுகிறார்கள். அங்கே பேட்டைக்குப் பேட்டை கண்காணிப்பு நிலையங்கள் உண்டு. செய்தித்தாள்கள் நாள் தவறாமல் எண்களை அச்சிடுகின்றன. நாலாபுறமும் நெல்லும் கோதுமையும் மாறி மாறி விளையும் பஞ்சாப் சமவெளியில், 2011 கணக்கெடுப்பின்படியே 16 லட்சம் பேர் வாழும் லூதியானாவில் இதே செயலி எந்த அளவுக்குக் கைகொடுக்கிறது என்று விரிவாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. பின்னலாடைத் தொழிலுக்காகத் திருப்பூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வந்து தங்கியிருக்கும் தமிழ்க் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. வீட்டில் இளைப்பு உள்ள பெண் குழந்தை இருப்பதால், வானிலையைப் பார்ப்பதற்கு முன்பே சமீரைத் திறந்து பார்ப்பது எங்களுக்குப் பழக்கமாகிவிட்டது. இந்த ஊரின் எல்லாப் பருவங்களிலும் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன்.

செயலியின் அமைப்பு எளிமையானது. இந்திய வரைபடத்தின்மேல் வண்ணப் புள்ளிகள் இருக்கும். மாநிலம், ஊர், நிலையம் என்று தேர்ந்தெடுத்தால் அந்த இடத்தின் காற்றுத் தரக் குறியீடு தெரியும்; எண் ஏற ஏறக் காற்று மோசம் என்று பொருள். அதற்குக் கீழே எந்த மாசு முதன்மையானது என்பதும், ஒவ்வொரு மாசுக்கும் கடந்த 24 மணி நேரத்தின் சராசரி, குறைந்த அளவு, உச்ச அளவு ஆகியவையும் வரும். 2015இல் தொடங்கப்பட்ட தேசியக் குறியீடுதான் இதன் அடிப்படை. நுண்துகள்களான பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை), பி.எம். 10 (10 மைக்ரோமீட்டருக்கு உட்பட்டவை), நைட்ரஜன் டையாக்சைடு, சல்ஃபர் டையாக்சைடு, கார்பன் மோனாக்சைடு, ஓசோன், அம்மோனியா, ஈயம் ஆகிய எட்டையும் அது கணக்கில் எடுத்துக்கொள்கிறது. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே மதிப்பெண் போட்டு, அவற்றில் எது அதிகமோ அதையே ஊரின் எண்ணாக அறிவிப்பதுதான் முறை. குறைந்தது மூன்று மாசுகளுக்குப் போதிய அளவீடு இருக்க வேண்டும், அவற்றில் ஒன்று நுண்துகளாக இருக்க வேண்டும் என்பது விதி. அப்படி இல்லாதபோது செயலி எண்ணே காட்டுவதில்லை. அரைகுறைத் தரவை வைத்து ஒரு எண்ணை ஊகித்துக் காட்டும் தனியார் செயலிகளைவிட இந்தக் கண்டிப்பு எனக்கு மேலாகப் படுகிறது.

புதிதாகப் பயன்படுத்துகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, திரையில் பெரிதாகத் தெரியும் எண் நாம் இப்போது சுவாசிக்கும் காற்றைச் சொல்வதில்லை என்பது. நுண்துகள்களைப் பொறுத்தவரை அது கடந்த 24 மணி நேரத்தின் சராசரி. ஓசோனுக்கும் கார்பன் மோனாக்சைடுக்கும் மட்டும் 8 மணி நேரச் சராசரி. மாலை ஏழு மணிக்குப் புகை சூழ்ந்து கண் எரியத் தொடங்கினாலும், பகல் முழுதும் காற்று ஓரளவு சுத்தமாக இருந்திருந்தால், எண் மெதுவாகத்தான் ஏறும். மறுநாள் மதியம் வெயில் வந்து புகை கலைந்த பிறகும் எண் சிவப்பிலேயே நிற்கும். அதனால்தான் நாங்கள் சராசரியோடு நிறுத்திக்கொள்ளாமல், பக்கத்தில் இருக்கும் குறைந்த அளவையும் உச்ச அளவையும் பார்க்கிறோம். இரண்டுக்கும் இடையே இடைவெளி பெரிதாக இருந்தால், அந்த நாளில் வெளியே போகத் தகுந்த சில மணி நேரங்களும், போகவே கூடாத சில மணி நேரங்களும் இருந்திருக்கின்றன என்று பொருள். அங்கே தரப்படுபவை குறியீட்டு மதிப்புகளே, கன மீட்டருக்கு இத்தனை மைக்ரோகிராம் என்ற நேரடி அளவு அல்ல என்பதையும் சேர்த்து மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த எண்ணை லூதியானாவின் பருவங்களோடு சேர்த்துப் படிக்கத் தெரிந்தால்தான் செயலி முழுப் பயன் தரும். ஏப்ரலில் கோதுமை அறுவடை தொடங்குகிறது. மாவட்டத்தின் கன்னா மண்டி ஆசியாவின் மிகப் பெரிய தானியச் சந்தை என்று பெயர் பெற்றது. அங்கே மலைபோல் குவியும் கோதுமையைத் தூற்றும்போது எழும் உமித் தூசு வேலையாட்களின் இமை, புருவம் எல்லாம் படிந்து, மாலையில் எல்லாருடைய முகமும் ஒரே நிறமாகிவிடும். மே, ஜூனில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும்போது ராஜஸ்தான் பக்கத்திலிருந்து ‘ஆந்தி’ என்று இங்கே சொல்லப்படும் புழுதிப் புயல் வரும். அந்த நாட்களில் செயலி 250ஐக் காட்டும்போது, நவம்பரில் அதே 250ஐப் பார்த்த பயத்தோடு அதைப் பார்க்கத் தேவையில்லை. முதன்மை மாசு எது என்ற வரியைப் பாருங்கள். கோடையில் அங்கே பெரும்பாலும் பி.எம். 10 என்று இருக்கும். அது பெரும்பாலும் மண் தூசு. மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும் பருமனான துகள்கள் அதில் அதிகம். நவம்பரின் 250இல் பி.எம். 2.5 முதன்மையாக இருக்கும். எரிந்த பொருள்களிலிருந்து வந்த, நுரையீரலின் அடிவரை போகும் துகள் அது. எண் ஒன்றே என்றாலும் உடம்புக்கு அவை இரண்டும் ஒன்றல்ல. இந்த வேறுபாட்டைச் சமீர் காட்டத்தான் செய்கிறது. ஆனால் பெரிய வண்ணக் கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் காட்டுகிறது.

ஜூலையில் பருவமழை வந்துவிட்டால் செப்டம்பர்வரை செயலியைத் திறக்க வேண்டிய அவசியம் குறைவு. ஆண்டு மழையில் ஏறக்குறைய முக்கால் பங்கு அப்போதே பெய்துவிடுகிறது. பச்சைப் புள்ளியையும் அப்போதுதான் அடிக்கடி பார்க்க முடிகிறது.

அக்டோபரின் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை நடப்பதுதான் இந்த ஊரின் காற்றைப் பற்றிய முக்கியமான செய்தி. நிலத்தடி நீரைக் காப்பதற்காக 2009இல் பஞ்சாப் கொண்டுவந்த சட்டம், நாற்று நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளிவைத்தது. அதனால் அறுவடையும் தள்ளிப் போயிற்று. கோதுமையை நவம்பர் முதல் பாதிக்குள் விதைத்தால்தான் நல்ல விளைச்சல் என்பதால், நெல் அறுவடைக்கும் கோதுமை விதைப்புக்கும் நடுவே கிடைப்பது இரண்டு மூன்று வாரங்கள் மட்டுமே. அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் எடுத்துக்கொண்டு, அடித்தாளை நின்றபடியும், துண்டு வைக்கோலை வரிசையாகச் சிதறியும் விட்டுச் செல்கிறது. பாசுமதி வைக்கோலை மாடு தின்னும். மற்ற நெல்லின் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்பதால் இங்கே அதைத் தீவனமாக விரும்புவதில்லை. வைக்கோல் போரை வீட்டுச் சொத்தாகக் கருதும் காவிரிப் படுகையிலிருந்து வருகிறவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். இப்படி ஆண்டுதோறும் பஞ்சாபில் சேர்வது சுமார் 2 கோடி டன் வைக்கோல். ‘பராலி’ என்று அதைச் சொல்கிறார்கள். ஒரு தீக்குச்சி செய்யும் வேலையைச் செய்ய இயந்திரத்துக்கு வாடகையும் டீசலும் நாட்களும் ஆகின்றன என்ற நிலையில், சிறு விவசாயி எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைப் புரிந்துகொள்ள முடிகிறது. அவரைக் குற்றவாளியாக்கிப் பேசுவது எனக்கு உடன்பாடில்லை. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பது டெல்லிக்காரர்கள் அல்லர். அந்த விவசாயியின் வீட்டுக் குழந்தைகள்.

அந்த வாரங்களில் விடியற்காலையில் மொட்டை மாடிக்குப் போனால், இரவு உலர்த்திய வெள்ளைத் துணியில் விரல் நகம் அளவுக்குக் கருகிய வைக்கோல் இழைகள் ஒட்டியிருக்கும். கையால் தட்டினால் உதிராது. நசுங்கிக் கோடாக இழுபட்டு, துவைத்தாலும் மங்கலாகத் தங்கிவிடும். ஜன்னல் விளிம்பில் துடைத்த இடம் சாயங்காலத்துக்குள் மறுபடியும் சாம்பல் நிறமாகிவிடும். காற்று அசையாமல் நிற்பதுதான் இதை இன்னும் மோசமாக்குகிறது. சென்னையில் மாலையில் கடல் காற்று வந்து ஊரைத் துடைத்துவிட்டுப் போகும். இங்கே அதற்கு வழியில்லை. குளிர்காலத்தில் தரை சீக்கிரம் குளிர்ந்து, அதை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கீழேயே தங்க, அதற்கு மேல் சற்றுச் சூடான காற்று மூடிபோல் அமர்ந்துகொள்கிறது. வயல் புகை, வாகனப் புகை, செங்கல் சூளை, சாயப்பட்டறைக் கொதிகலன், தீபாவளிப் பட்டாசு எல்லாம் அந்த மூடிக்குக் கீழே சேர்ந்துகொள்கின்றன.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், வயல் தீ குறைந்துதான் வருகிறது. செயற்கைக்கோள் கணக்கின்படி பஞ்சாபில் செப்டம்பர் நடுவிலிருந்து நவம்பர் இறுதிவரை பதிவான தீ நிகழ்வுகள் 2021இல் 71,304, 2022இல் 49,922, 2023இல் 36,663, 2024இல் 10,909. செயற்கைக்கோள் கடந்து போன பிறகு, மாலையில் வைக்கப்படும் தீ இந்தக் கணக்கில் விடுபடுகிறது என்ற வாதம் உண்டு, அது ஒதுக்கிவிடக்கூடியதும் அல்ல. ஆனாலும் வைக்கோலை அப்படியே விட்டு அதனூடே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ போன்ற இயந்திரங்களும், சீக்கிரம் முற்றும் பி.ஆர். 126 நெல் ரகமும் பரவியிருப்பதைச் சாலையில் போகும்போதே பார்க்க முடிகிறது. இவை இரண்டிலும் லூதியானாவில் உள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் கை உண்டு. சமீரில் நான் பார்த்து வரும் லூதியானாவின் எண் வருவதும் அதே பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள நிலையத்திலிருந்துதான்.

என் முக்கியமான குறை இங்கேதான் தொடங்குகிறது. வேளாண் பல்கலைக்கழக வளாகம் மரங்களும் சோதனை வயல்களும் நிறைந்த, நகரின் மேற்குப் பக்கத்தில் பெரோஸ்பூர் சாலையை ஒட்டிய இடம். ஊரின் தொழிற்சாலைகளில் பெரும்பகுதி கிழக்கிலும் தெற்கிலும் இருக்கிறது: ஃபோக்கல் பாயிண்ட் தொழிற்பேட்டையில் சைக்கிள் உதிரிபாகங்களும் உலோகப் பூச்சும், தாஜ்பூர் சாலையில் சாயப்பட்டறைகள், சமராலா சௌக்கில் நாள் முழுதும் நகராமல் நிற்கும் லாரிகள். எங்கள் வீடு பல்கலைக்கழகத்துக்கு அருகில். என் வேலை கிழக்குப் பக்கம். காலையில் வீட்டில் மூக்குக்குத் தெரியாத காற்று, அரை மணி நேரப் பயணத்துக்குப் பிறகு ரப்பர் எரிந்த வாடையோடு தொண்டையில் உட்காரும். இரண்டு இடத்துக்கும் செயலி காட்டுவது ஒரே எண். பல்கலைக்கழக நிலையம் தவறாக அளக்கிறது என்று நான் சொல்லவில்லை. வயல்களிலிருந்து வரும் புகையை அளக்க அது மிகவும் பொருத்தமான இடம். ஆனால் ஃபோக்கல் பாயிண்டில் கடைசல் இயந்திரத்தின் முன் நிற்கும் தொழிலாளியின் காற்றுக்கு அதைச் சான்றாகக் காட்டக் கூடாது. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019இல் தொடங்கியபோதே தர அளவை எட்டாத நகரங்களின் பட்டியலில் இருந்த ஊர் இது. தொழிற்பேட்டைக்குள் குறைந்தது இரண்டு நிலையங்களாவது இருந்து, அவற்றின் எண்களும் சமீரில் தனித்தனியே வர வேண்டும்.

குறியீட்டில் சேராத மாசுகளையும் நினைவில் வைக்க வேண்டும். 2023 ஏப்ரல் 30 அன்று இதே ஊரின் கியாஸ்புரா பகுதியில் விஷவாயு தாக்கி 11 பேர் இறந்தார்கள். சாக்கடையிலிருந்து வெளிவந்த ஹைட்ரஜன் சல்ஃபைடுதான் காரணம் என்று சொல்லப்பட்டது. அந்த வாயு குறியீட்டின் எட்டு மாசுகளில் இல்லை. செயலியில் மஞ்சள் தெரிகிறது என்பதற்காக மூக்கு சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது.

வண்ணங்களுக்குக் கொடுத்திருக்கும் பெயர்களிலும் எனக்கு வருத்தம் உண்டு. 101 முதல் 200 வரை ‘மிதமானது’ என்று சொல்லப்படுகிறது. அந்த வகையில் ஆஸ்துமா போன்ற நுரையீரல் நோய் உள்ளவர்களுக்கு மூச்சுத் திணறல் வரலாம் என்று அதற்கான விளக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். ஆனால் மிதம் என்ற சொல்லைப் பார்த்தபின் விளக்கத்தைத் தேடிப் படிக்கிறவர்கள் எத்தனை பேர்? பி.எம். 2.5 கன மீட்டருக்கு 60 மைக்ரோகிராமைத் தாண்டினாலே நம் நாட்டின் 24 மணி நேர வரம்பு மீறப்படுகிறது. மிதமானது என்ற வகை அங்கேதான் ஆரம்பிக்கிறது. உலக சுகாதார நிறுவனம் 2021இல் பரிந்துரைத்த அளவோ 15தான். அதே 60 மைக்ரோகிராம் நம் குறியீட்டில் 100 ஆகித் ‘திருப்திகரம்’ என்று வரும். அமெரிக்கக் குறியீட்டைப் பின்பற்றும் செயலிகளில் 150ஐத் தாண்டி, உடல்நலத்துக்குக் கேடு என்ற சிவப்பில் வரும். ஒரே நேரத்தில் இரண்டு செயலிகளைத் திறந்து பார்த்து, அரசாங்கம் எண்ணைக் குறைத்துக் காட்டுகிறது என்று சண்டைக்கு வருகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அளவீடு ஒன்றுதான், அளவுகோல்தான் வேறு. மேல்முனையிலும் சமீரின் குறியீடு 500இல் நின்றுவிடுகிறது; அதற்கு மேல் எவ்வளவு மோசமானாலும் திரையில் வேறுபாடு தெரியாது.

வீட்டுக்குள் வைக்கும் சிறிய அளவுமானிகளோடு ஒப்பிட்டால் சமீரின் மதிப்பு தெரியும். எங்களிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. அந்த நேரத்து மாற்றத்தை உடனே காட்டுவதிலும், சமையலறைத் தாளிப்புப் புகை எவ்வளவு என்று சொல்வதிலும் அதற்கு இணையில்லை. டிசம்பர், ஜனவரியில் பனிமூட்டம் இறங்கியதும் அதை நம்ப முடியாமல் போகிறது. ஒளியைச் சிதறவிட்டுத் துகள்களை எண்ணும் இத்தகைய கருவிகள், ஈரப்பதம் மிகுந்த காற்றில் நீர் ஏறிப் பருத்த துகளையும் மாசாகவே கணக்கிட்டு எண்ணை உயர்த்திவிடும். அரசு நிலையங்களில் உள்ள கருவிகள் உள்ளே இழுக்கும் காற்றின் ஈரத்தைக் கட்டுப்படுத்திய பிறகே அளக்கின்றன. ஆகவே, கை நீட்டினால் விரல் தெரியாத ஜனவரி காலையில் வீட்டுக் கருவி ஒன்றும் சமீர் ஒன்றும் சொன்னால், சமீரையே நம்புங்கள். அதற்காகப் பனிமூட்ட நாட்கள் பாதுகாப்பானவை என்று எண்ண வேண்டாம். மூடிக்குக் கீழே புகை சேர்வது அப்போதும் நிற்பதில்லை, ஜனவரியில் வரும் லோஹ்ரி பண்டிகை இரவில் தெருவுக்குத் தெரு மூட்டும் தீயும் அதோடு சேர்ந்துகொள்ளும். மேற்கிலிருந்து வரும் குளிர்கால மழை ஒன்று பெய்துவிட்டால் இரண்டொரு நாளில் எண் சரிந்துவிடும்.

செயலியைப் பார்த்து எங்கள் வீட்டில் என்ன செய்கிறோம் என்பதையும் எழுதுகிறேன். குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு உதவலாம். அக்டோபர் முதல் ஜனவரி வரை வெளி விளையாட்டுக்கு மதியம் ஒரு மணிக்கும் நான்கு மணிக்கும் இடைப்பட்ட நேரம் மட்டுமே. தரை சூடேறிக் காற்று மேலே எழும்பும் நேரம் அதுதான். ஜன்னல் திறப்பதும் அப்போதே. மே, ஜூனில் இதைத் தலைகீழாக மாற்ற வேண்டும், ஏனென்றால் வெயிலில் உருவாகும் ஓசோன் பிற்பகலில்தான் உச்சத்தைத் தொடுகிறது. அந்த மாதங்களில் விடியற்காலைதான் நல்லது. முதன்மை மாசு பி.எம். 2.5 ஆகவும் எண் 200க்கு மேலாகவும் இருந்தால் முகத்தோடு ஒட்டிப் பொருந்தும் என்95 முகக்கவசம் போட்டே வெளியே போகிறாள் எங்கள் மகள். துணிக் கவசம் புழுதிக்குப் பரவாயில்லை, புகைக்குப் பயன்படாது. மருத்துவர் எழுதிக்கொடுத்த தடுப்பு உறிஞ்சியை (இன்ஹேலர்) அக்டோபர் தொடங்கும் முன்பே, அவருடைய ஆலோசனைப்படி, ஒழுங்காக எடுக்க வைக்கிறோம்.

சமீரில் இல்லாதது முன்னறிவிப்பு. நேற்றைய காற்றைத் துல்லியமாகச் சொல்லும் செயலி, நாளைய காற்றைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. டெல்லிக்கு 2018 முதல் முன்னெச்சரிக்கை அமைப்பு இருக்கிறது. எந்தத் திசையிலிருந்து எவ்வளவு புகை வரும் என்று கணக்கிடும் தனி அமைப்பும் பின்னர் வந்தது. அந்தக் கணக்கில் பஞ்சாப் புகை புறப்படும் இடமாகத்தான் இடம்பெறுகிறது. அங்கேயும் மனிதர்கள் சுவாசிக்கிறார்கள் என்பது முன்னறிவிப்பில் தெரிய வேண்டாமா? லூதியானாவில் ஒரு பள்ளி நாளைய விளையாட்டு விழாவை நடத்துவதா, தள்ளிவைப்பதா என்று முடிவு செய்யச் செயலியில் ஒரு வரி போதும். அது வரும்வரை நாங்கள் செய்வது இதுதான்: வானிலைத் துறையின் அறிவிப்பில் காற்றின் வேகத்தையும் மழை வாய்ப்பையும் பார்த்து, சமீரின் எண்ணோடு சேர்த்து யோசிக்கிறோம். காற்று அடங்கியிருந்து மழையும் இல்லை என்றால், இன்றைய எண் நாளை குறையாது என்று வைத்துக்கொள்கிறோம்.

நேரடி மைக்ரோகிராம் அளவு வேண்டுகிறவர்கள் வாரியத்தின் இணையதளத்தில் நிலையத்தைத் தேர்ந்தெடுத்து, மணிக்கணக்கான தரவை இறக்கிக்கொள்ளலாம். கொஞ்சம் பொறுமை வேண்டும், கணினியில் செய்வது எளிது. இந்தக் குளிர்காலத்தில் புதிதாக லூதியானாவுக்கு வருகிறவர்கள் சமீரை இறக்கி, வேளாண் பல்கலைக்கழக நிலையத்தைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வேலையோ வீடோ கிழக்குப் பக்கம் என்றால், அது காட்டும் எண்ணுக்கு ஒரு படி மேலான எச்சரிக்கையோடு நடந்துகொள்ளுங்கள்.